‘கட்டாயம் வரும்’ முதல் ‘வராது’ வரை: ஆங்கிலத்தில் நிச்சயத்தை அளந்து சொல்ல ஒரு வழிகாட்டி

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதி ரிசெப்ஷனிலோ படகுச் சவாரியிலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்களா? முதல் கிழமையிலேயே இந்தக் கேள்விகள் உங்களிடம் வந்துவிடும். நாளைக்கு மழை பெய்யுமா? திமிங்கிலம் தெரியுமா? புறாத்தீவுப் பக்கம் கடல் அமைதியாக இருக்குமா? கொழும்பு ரயில் நேரத்துக்கு வருமா? எதற்கும் வெறும் ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் கைவிடுகிற இடமும் இதுதான்.

திமிங்கிலம் பார்க்கப் புறப்பட்ட ஒரு குடும்பத்திடம் படகுக்காரர் ஒருவர் ‘யூ வில் சீ வேல்ஸ்’ என்று சொன்னார். நல்ல மனுசன், உற்சாகமாகச் சொன்ன வார்த்தை. அன்று திமிங்கிலம் தெரியவில்லை. அவர்களுக்கு அது கொடுத்த வாக்கு, அதனால் காசைத் திருப்பிக் கேட்டார்கள். ஒரு ‘வில்’லினால் ஒரு காலைச் சவாரியின் உழைப்பு போனது.

இதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்லித்தர எனக்கு ஆள் கிடைக்கவில்லை. மேசைக்குப் பின்னால் நின்று, வருகிறவர்கள் எப்படிக் கதைக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டுத்தான் சேர்த்தேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதால் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

தொடங்க முன்: என்ன வேண்டும், என்ன செலவு

ஒரு கொப்பி, பேனை, இன்டர்நெட் உள்ள போன். அவ்வளவுதான். பிபிசி லேர்னிங் இங்கிலிஷ், பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன் இங்கிலிஷ் இரண்டிலும் இலவசப் பாடங்கள் நிறைய இருக்கின்றன. டேட்டாச் செலவு மட்டும்தான் உங்களுடையது. ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பில் சேருவதென்றால், காசு கட்டுவதற்கு முன் ஆசிரியரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘அவர் அநேகமாக வரமாட்டார் என்பதை எப்படிச் சொல்வது?’ பதில் ‘ஹி ப்ராபப்லி வோண்ட் கம்’ என்று வந்தால் தாராளமாகச் சேரலாம். ஏன் என்று மூன்றாம் பகுதியில் விளங்கும்.

காலம் என்று பார்த்தால், வாடைக்காற்று மழை தொடங்கி ஊரில் விருந்தினர் குறையும் மாதங்கள்தான் படிக்க நல்லது. மே மாதத்துக்குப் பிறகு சீசன் சூடுபிடித்தால் மூச்சுவிட நேரம் இருக்காது. ஒரு நாளைக்கு இருபது நிமிடம் ஒதுக்கினால் போதும், ஆனால் ஒரு நாளும் விடாமல் ஒதுக்குங்கள்.

1. வாய் திறக்க முன் அளவைத் தீர்மானியுங்கள்

தமிழில் நிச்சயத்தின் அளவு வசனத்தின் கடைசியில் வருகிறது. ‘நாளைக்கு மழை…’ என்று தொடங்கிவிட்டு வானத்தை ஒருமுறை பார்த்து, ‘வரும்’, ‘வரலாம்’, ‘வரும்போல’, ‘வராது’ என்று எதையாவது வைத்து முடிக்கலாம். யோசிக்க நேரம் கிடைக்கும். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. ‘இட் வில்’, ‘இட் மைட்’, ‘இட் ஷுட்’ என்று இரண்டாவது சொல்லிலேயே எவ்வளவு நிச்சயம் என்பது வெளியே வந்துவிடும். வினை வருவது அதற்குப் பிறகுதான். நம்மவர்கள் பதற்றத்தில் கைக்கு வந்த ‘வில்’லைப் போட்டுவிடுவதற்கு இதுதான் காரணம்.

ஆகவே கேள்வி வந்ததும் மனதுக்குள் முதலில் தமிழில் முடிவெடுங்கள். கட்டாயமா? அநேகமாகவா? இருந்தாலும் இருக்குமா? சந்தேகமா? இல்லவே இல்லையா? இந்த ஐந்தில் எது என்று தெரிந்தால் சொல் தானாக வரும். ஒரு விநாடி மௌனமாக இருந்தால் யாரும் குறை நினைக்க மாட்டார்கள்.

2. ஐந்து படிகளுக்கும் ஆளுக்கொரு சொல்

கட்டாயம் என்றால் ‘வில்’, ‘டெஃபினிட்லி’, ‘பௌண்ட் டு’. சூரியன் உதிக்கும் நேரம், கோட்டைக்குள் மான் நிற்பது போன்றவற்றுக்கு இவற்றைத் தயங்காமல் சொல்லலாம். பிரெட்ரிக் கோட்டை வழியாகக் கோணேசர் கோயிலுக்கு நடந்து போகிறவரிடம் ‘யூ ஆர் பௌண்ட் டு சீ டியர்’ என்றால் அது பொய்யாகப் போவது அபூர்வம். கடல், காற்று, விலங்கு, பஸ் நேரம் இவற்றுக்கு இந்த வரிசை வேண்டாம்.

அநேகமாக என்றால் ‘ப்ராபப்லி’, ‘லைக்லி’, ‘தேர்ஸ் எ குட் சான்ஸ்’, அப்புறம் ‘ஷுட்’. இந்த ‘ஷுட்’டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பள்ளியில் இதற்கு ‘வேண்டும்’ என்று ஒரே அர்த்தம்தான் படித்தோம். ஆனால் விருந்தினரோடு கதைக்கும்போது இதைவிடப் பயனுள்ள சொல் இல்லை. ‘த பஸ் ஷுட் பி ஹியர் பை டென்’ என்றால், வழக்கத்தைப் பார்த்தால் பத்து மணிக்குள் வந்துவிடும், பிந்தினால் அது என் பொறுப்பில்லை என்ற இரண்டும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. ‘த சீ ஷுட் பி காம் இன் த மார்னிங்’ என்றால் காலையில் கடல் அமைதியாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம் என்று அர்த்தம். ஒரு பொறி மட்டும் உண்டு: நல்லது நடக்கும் என்று எதிர்பார்க்கும்போதுதான் ‘ஷுட்’ பொருந்தும். ‘த போட் ஷுட் பிரேக் டவுன்’ என்றால் படகு பழுதாக வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுவது போல இருக்கும். கெட்டதற்கு ‘மைட்’ அல்லது ‘ப்ராபப்லி வில்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இருந்தாலும் இருக்கும் என்பதற்கு ‘மே’, ‘மைட்’, ‘குட்’, ‘மேபி’. சந்தேகம்தான் என்றால் ‘அன்லைக்லி’, ‘ஐ டவுட் இட்’, ‘எ ஸ்லிம் சான்ஸ்’. இல்லவே இல்லை என்றால் ‘வோண்ட்’, ‘நோ சான்ஸ்’. கடைசியில் சொன்ன ‘நோ சான்ஸ்’ முகத்தில் அடித்தது போல இருக்கும். விருந்தினரிடம் ‘ஐ’ம் அஃப்ரெய்ட் இட் வோண்ட் பி பாசிபிள்’ என்று மெதுவாகச் சொல்லுங்கள்.

3. ‘ப்ராபப்லி’யும் ‘லைக்லி’யும் எங்கே உட்காரும்

அர்த்தத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. வசனத்தில் பிடிக்கிற இடம்தான் வேறு.

‘ஹி வில் ப்ராபப்லி கம்’: இங்கே ‘வில்’லுக்குப் பின்னால்.
‘ஹி ப்ராபப்லி வோண்ட் கம்’: மறுக்கும்போது ‘வோண்ட்’டுக்கு முன்னால்.
‘ஹி இஸ் லைக்லி டு கம்’: ‘இஸ்’ஸும் ‘டு’வும் இல்லாமல் இது நிற்காது.

நம்மிடையே அதிகம் கேட்கிற பிழை ‘ஹி இஸ் பாசிபிள் டு கம்’. ஆள் ‘லைக்லி’யாக இருக்கலாம், ‘பாசிபிள்’ ஆக இருக்க முடியாது. ‘இட்ஸ் பாசிபிள் தட் ஹி வில் கம்’ என்று சுற்றி வரவேண்டும். அமெரிக்கர்கள் ‘ஹி வில் லைக்லி கம்’ என்றும் சொல்வார்கள். கேட்டால் விளங்கிக்கொள்ளுங்கள், நீங்கள் ‘ப்ராபப்லி’யையே வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

இன்னொன்று: ‘அவர் வரமாட்டார் என்று நினைக்கிறேன்’ என்பதை அப்படியே தூக்கிப்போட்டு ‘ஐ திங்க் ஹி வோண்ட் கம்’ என்றால் பிழையில்லை. ஆனால் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள் பெரும்பாலும் மறுப்பை முன்னுக்குக் கொண்டுபோய் ‘ஐ டோண்ட் திங்க் ஹி’ல் கம்’ என்பார்கள். ‘ஹோப்’ இதற்கு நேர்மாறு. ‘ஐ ஹோப் நாட்’ என்பதுதான் சரி, ‘ஐ டோண்ட் ஹோப்’ என்று யாரும் சொல்வதில்லை.

4. ‘மே’, ‘மைட்’, ‘குட்’, ‘கேன்’: பொறிகள் கூடிய இடம்

‘மே’க்கும் ‘மைட்’டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மிகச் சிறியது. பேச்சில் ‘மைட்’ கொஞ்சம் தளர்வு, அவ்வளவுதான். எதைப் போடுவது என்று குழம்பினால் ‘மைட்’. காரணம், ‘மே’க்கு அனுமதி என்ற இன்னொரு வேலையும் உண்டு. ‘யூ மே நாட் ஸ்விம் ஹியர்’ என்றால் இங்கே நீந்தத் தடை. ‘யூ மைட் நாட் ஸீ டால்பின்ஸ்’ என்றால் டால்பின் தெரியாமலும் போகலாம். இரண்டும் வேறு வேறு உலகம்.

‘மைட் நாட்’டையும் ‘குட் நாட்’டையும் மாற்றிப் போடாதீர்கள். ‘த போட் மைட் நாட் கோ’ என்றால் படகு போகாமல் விடவும் கூடும். ‘த போட் குட்ன்ட் கோ’ என்றால் போக முடியாமல் போய்விட்டது, கதை முடிந்தது. காலை நாலரைக்கு எழும்பி வந்து நிற்கிறவரிடம் இதை மாற்றிச் சொன்னால், அவர் திரும்பிப் படுக்கப் போய்விடுவார்.

‘கேன்’ பொதுவாக நடக்கக்கூடியதைச் சொல்லும், நாளைக்கு நடப்பதைச் சொல்லாது. ‘த சீ கேன் பி ரஃப் இன் டிசம்பர்’ என்றால் டிசம்பரில் கடல் கொந்தளிக்கும் நாட்களும் உண்டு. ஆனால் ‘இட் கேன் ரெய்ன் டுமாரோ’ என்று சொல்வதில்லை. நாளைக்கு என்று வந்தால் ‘மைட்’ அல்லது ‘குட்’.

எழுத்திலும் ஒன்று கவனியுங்கள், வாட்ஸ்அப்பில் தினமும் பார்க்கிறேன். ‘மேபி’ என்று சேர்த்து எழுதினால் ‘ஒருவேளை’, பெரும்பாலும் வசனத்தின் தொடக்கத்தில் வரும். ‘மே பி’ என்று பிரித்து எழுதினால் ‘இருக்கலாம்’, அது வசனத்தின் நடுவில் வரும்.

5. ‘சான்ஸ் ஆஃப்’, ‘சான்ஸ் டு’

சவாரி விற்கிறவர்கள் இதை மட்டுமாவது மனப்பாடம் செய்யுங்கள். ‘எ சான்ஸ் டு சீ வேல்ஸ்’ என்றால் திமிங்கிலம் பார்க்க ஒரு வாய்ப்பு, விளம்பரப் பலகைக்கு ஏற்ற சொல். ‘எ சான்ஸ் ஆஃப் சீயிங் வேல்ஸ்’ என்றால் பார்க்கக் கிடைக்கும் சாத்தியம். ‘சான்ஸ்’ஸுக்கு முன்னால் அளவைச் சேர்த்தால் விருந்தினர் கேட்ட கேள்விக்கு நேர்ப் பதில் கிடைத்துவிடும்: ‘எ வெரி குட் சான்ஸ்’, ‘எ ஃபேர் சான்ஸ்’, ‘எ ஸ்மால் சான்ஸ்’, ‘எ ஸ்லிம் சான்ஸ்’.

‘ஸ்லிம் சான்ஸ்’ என்றால் மெல்லிய வாய்ப்பு. அப்படியானால் ‘ஃபேட் சான்ஸ்’ என்றால் பெரிய வாய்ப்பு என்று நினைக்கத் தோன்றும். இல்லை, அது ‘நடந்த மாதிரித்தான்’ என்று நக்கலாகச் சொல்வது. விருந்தினரிடம் அதைச் சொல்லவே கூடாது.

நிலாவெளியில் படகு ஓட்டும் ஒரு அண்ணா இருக்கிறார். பெரிய படிப்பில்லை, ஆனால் அவருடைய பதிலை நான் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறேன். யாராவது திமிங்கிலம் பற்றிக் கேட்டால், கடலைப் பார்த்தபடி முதலில் முந்தின நாள் என்ன கண்டார் என்று சொல்வார். பிறகு: ‘தேர்ஸ் எ குட் சான்ஸ் டுடே. பட் ஐ கான்ட் ப்ராமிஸ்.’ ஆதாரம், அளவு, எல்லை மூன்றும் அதில் இருக்கின்றன. இந்தப் பதிலைக் கேட்டுவிட்டுப் போனவர்கள் திமிங்கிலம் தெரியாமல் திரும்பினாலும் சண்டைக்கு வருவதில்லை. ‘நோ வேல், நோ மணி’ என்று உங்கள் விடுதியில் ஏற்பாடு இருந்தால் அது வேறு. அதை எழுத்தில் கொடுங்கள், வாயால் வேண்டாம்.

6. எப்படித் தெரியும் என்பதையும் சொல்லுங்கள்

தமிழில் ‘மழை வரும்போல’ என்றால் வானத்தைப் பார்த்துச் சொல்கிறீர்கள். ‘மழை வருமாம்’ என்றால் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்திலும் இதற்கு ஆயத்தமான சொற்கள் உண்டு. ‘இட் லுக்ஸ் லைக் ரெய்ன்’ என்பது கண்ணால் கண்டது. ‘இட்ஸ் சப்போஸ்ட் டு ரெய்ன் டுமாரோ’, ‘அப்பேரண்ட்லி த ரோட் இஸ் க்ளோஸ்ட்’ இரண்டும் கேள்விப்பட்டது. செய்தி உங்களுடையது இல்லை என்றால் இவற்றைப் போடுங்கள், பிழைத்துப்போனால் பழி உங்கள் தலையில் விழாது. ‘சப்போஸ்ட் டு’வுக்குக் கடமை என்ற அர்த்தமும் உண்டு: ‘யூ ஆர் சப்போஸ்ட் டு ரிமூவ் யோர் ஷூஸ்’ என்றால் செருப்பைக் கழற்ற வேண்டும். கோயில் வாசலில் தினமும் தேவைப்படும் வசனம்.

அடுத்தது ஊகம். சாவி மேசையில் தொங்குகிறது, அறை பூட்டியிருக்கிறது. நண்பர் எங்கே என்று ஒருவர் வந்து கேட்கிறார். ‘ஹி மஸ்ட் பி அட் த பீச்’ என்றால் கடற்கரையில்தான் இருப்பார். இங்கே ‘மஸ்ட்’ கட்டளை இல்லை. இதன் எதிர்ப்பக்கம் ‘மஸ்ட்ன்ட்’ என்று நினைத்துவிடாதீர்கள், அது ‘கான்ட்’: ‘ஹி கான்ட் பி இன் ஹிஸ் ரூம், த கீ இஸ் ஹியர்.’ போய்விட்டார் என்று ஊகித்தால் ‘ஹி மஸ்ட் ஹவ் கான் அவுட்’. நிச்சயமில்லை என்றால் ‘ஹி மைட் ஹவ் கான் அவுட்’.

7. அவர்கள் சொல்வதைக் காதில் வாங்குவது

‘ஐ டவுட் ஹி டுக் இட்’ என்று ஒருவர் சொன்னால், அவர் எடுத்திருக்க மாட்டார் என்று நம்புகிறார். நாம் ‘அவர் எடுத்திருப்பாரோ என்று சந்தேகம்’ என்ற அர்த்தத்தில் ‘டவுட்’டைப் போடுகிறோம், அதற்குரிய சொல் ‘சஸ்பெக்ட்’. பொருள் காணாமல் போன விஷயத்தில் இது தலைகீழாகப் போனால் ஒரு அப்பாவி மாட்டிக்கொள்வார். தயவுசெய்து இதை இரண்டு முறை வாசியுங்கள்.

‘யூ மைட் வான்ட் டு செக் த பில்’ என்றால் சாத்தியம் பற்றிய பேச்சே இல்லை. பில்லில் பிழை இருக்கிறது, பாருங்கள் என்று மரியாதையாகச் சொல்கிறார். உடனே பாருங்கள். நீங்களும் இதே வசனத்தைப் பயன்படுத்தலாம்: ‘யூ மைட் வான்ட் டு டேக் எ ஹேட்’ என்றால், வெயில் கொளுத்தும், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

‘ஹோப்ஃபுலி’ ஆசை மட்டுமே, அதில் அளவில்லை. ‘வி’ல் சீ’ என்றால் பார்ப்போம், அதை முற்பதிவாக எடுத்துக்கொண்டு அறையைப் பிடித்து வைக்காதீர்கள். ‘வி மைட் கம் பேக் ஃபார் டின்னர்’ என்று சொல்லிவிட்டுப் போனவருக்காக மீன் வாங்க முன், ‘ஷல் ஐ புக் எ டேபிள்?’ என்று கேட்டுவிடுங்கள்.

8. எண் சொல்லிக் கேட்டால்

ஜெர்மன்காரர், டச்சுக்காரர் சிலர் நேரே சதவீதம் கேட்பார்கள். ‘ஃபிஃப்டி-ஃபிஃப்டி’, ‘நைன் டைம்ஸ் அவுட் ஆஃப் டென்’ இரண்டும் கைவசம் இருக்கட்டும். சொல்லுக்கும் எண்ணுக்கும் உள்ள உறவைச் சில அமைப்புகள் கட்டியே வைத்திருக்கின்றன. காலநிலை மாற்றம் பற்றிய ஐ.நா. அறிவியல் குழுவான ஐபிசிசியின் அறிக்கைகளில் ‘லைக்லி’ என்றால் 66 சதவீதத்துக்கு மேல், ‘வெரி லைக்லி’ என்றால் 90க்கு மேல், ‘அன்லைக்லி’ என்றால் 33க்குக் கீழே. அமெரிக்க வானிலைச் சேவையின் மழை அறிவிப்பில் ‘ஸ்லைட் சான்ஸ்’ 20 சதவீதம், வெறும் ‘சான்ஸ்’ 30 முதல் 50 வரை, ‘லைக்லி’ 60, 70. அதாவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு தடவை நடக்கும் என்று தோன்றினால்தான் ‘லைக்லி’. மனிதர் வாயில் இவ்வளவு கறார் இல்லை, ஆனாலும் ஒரு பிடிமானம் கிடைக்கும்.

ஐரோப்பிய மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் கணக்கு வேறு. அங்கே ஒரு பக்கவிளைவு ‘காமன்’ என்றால் 10 பேரில் 1 ஆள் வரை, ‘ரேர்’ என்றால் 1,000 பேரில் 1 ஆள் வரை. சுகமில்லாத விருந்தினருக்கு அதை வாசித்துக் காட்டும்போது ‘காமன்’ என்பதை ‘எல்லாருக்கும் வரும்’ என்று சொல்லிப் பயமுறுத்தாதீர்கள்.

9. தினப் பயிற்சி: வானிலை அறிக்கை

இதைவிட நல்ல, இலவசமான பாடப்புத்தகம் எனக்குக் கிடைக்கவில்லை. வளிமண்டலவியல் திணைக்களம் வானிலை அறிக்கையைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இணையத்தில் போடுகிறது. தமிழில் ‘பெய்யக்கூடிய சாத்தியம் காணப்படுகின்றது’ என்று வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘வில் அக்கர்’ என்று இருக்கிறதா, ‘மே அக்கர்’ என்று இருக்கிறதா, ‘ஆர் லைக்லி’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். தமிழில் ஒரே மாதிரித் தெரியும் வசனத்துக்கு ஆங்கிலத்தில் அளவு மாறுவதைக் காண்பீர்கள். கிழக்கு மாகாணம் என்று வரும் வரியை மட்டும் கொப்பியில் எழுதி, அடுத்த நாள் உண்மையில் என்ன நடந்தது என்று பக்கத்தில் குறியுங்கள். அதே வரியை விருந்தினருக்குச் சொல்வது போலச் சுருக்கி உரக்கச் சொல்லுங்கள்: ‘இட்’ல் ப்ராபப்லி ரெய்ன் இன் த ஈவினிங், ஸோ டேக் அன் அம்ப்ரெல்லா ஜஸ்ட் இன் கேஸ்.’ இந்த ‘இன் கேஸ்’ என்பது ‘எதற்கும்’ என்று நாம் சொல்வது. ‘இஃப் இட் ரெய்ன்ஸ்’ என்று போட்டால் மழை பெய்த பிறகுதான் குடை எடுக்கச் சொல்கிறீர்கள்.

10. ஐஈஎல்டிஎஸ் எழுதப்போகிறவர்களுக்கு

ஐஈஎல்டிஎஸ் என்பது வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கேட்கப்படும் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை. அதன் பேச்சுப் பரீட்சை 11 முதல் 14 நிமிடம். மூன்றாம் பகுதியில்தான் ‘எதிர்காலத்தில் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்’ போன்ற கேள்விகள் வரும், மேலே சொன்ன ஐந்து படிகளும் அங்கே நேரே கைகொடுக்கும். எல்லாவற்றுக்கும் ‘வில்’ போடாமல் ‘இஸ் லைக்லி டு’, ‘மைட் வெல்’ (நடக்க நல்ல வாய்ப்புண்டு), ‘ஐ டவுட் தட்’ என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். எழுத்துப் பரீட்சையின் இரண்டாவது கேள்விக்கு 250 சொல்லாவது எழுத வேண்டும், அதிலும் இதே பழக்கம் உதவும்.

பதிவதற்கு முன் பாஸ்போர்ட் காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பதியும்போது கொடுத்த அதே ஆவணத்தைத்தான் பரீட்சை நாளிலும் கொண்டுபோக வேண்டும். கட்டணம் சிறிய தொகை இல்லை, மாறிக்கொண்டும் இருக்கும், ஆகவே பதிகிற அன்று இணையதளத்தில் உள்ளதை மட்டும் நம்புங்கள், பழைய நண்பர் சொன்ன தொகையை வேண்டாம். பெறுபேற்றைப் பெரும்பாலான இடங்களில் 2 வருடத்துக்குத்தான் ஏற்பார்கள். விண்ணப்பிக்கும் காலத்தை முடிவெடுத்துவிட்டுப் பரீட்சைக்குப் போங்கள். பரீட்சை நிலையம் வெளியூரில் என்றால் முதல்நாளே போய்த் தங்குங்கள், இரவு பஸ்ஸில் போய் இறங்கி நேரே பரீட்சை மண்டபத்துக்குள் நுழைய வேண்டாம்.